ஆள் இல்லாத இடத்துக்குக் கம்பி

பிப்ரவரி 4

அன்புள்ள அண்ணனுக்கு,

இன்று காலை அப்பா பட்டறையைத் திறந்ததும் ரேடியோவைப் போடவில்லை. அதைத்தான் முதலில் கவனித்தேன். ஷட்டரைத் தூக்கினால் அடுத்தது ரேடியோ, அதற்கப்புறம்தான் விளக்கு என்பது உனக்கே தெரியும். இன்றைக்கு நேராக விளக்கைப் போட்டார், சட்டைக் கையை மடித்துவிட்டார், "காத்தடிக்கிற பம்ப்ப எடுத்துட்டு வா" என்றார். டயர் நான்கும் தரையோடு ஒட்டிக் கிடந்த வண்டி ஒன்று வேலைக்கு வந்திருக்கிறது.

உன் இருமல் எப்படி இருக்கிறது? குறைந்துவிட்டது என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய். நீ அப்படி எழுதினால் குறையவில்லை என்று அர்த்தம். வெந்நீர் கேட்டு வாங்கிக் குடி. இங்கே நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம். அப்பாவுக்கு முட்டிவலி மட்டும் உண்டு, அதை அவர் ஒத்துக்கொள்ள மாட்டார்.

வேலை என்னவென்றால், நம் பல் டாக்டருக்குப் பந்தயத்தில் ஓட்ட வேண்டுமாம். வேகமாக ஒரு சுற்று போய் வருகிற பந்தயம் இல்லை. எட்டு மணி நேரம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், கடைசி வரை தாங்குகிற வண்டிக்குத்தான் மரியாதை. எல்லோரும் சின்ன வண்டிகளில் வருவார்கள், இவருக்குப் பெரிய சொகுசு வண்டிதான் வேண்டுமாம். "சோபாவுல உட்கார்ந்துக்கிட்டே ஜெயிக்கணும்" என்றார். அப்பா, "சோபாதான் டாக்டர் முதல்ல வெளியே போகும்" என்றார்.

நான் தரைக் கம்பளத்தை உரித்துக்கொண்டிருக்கிறேன். கம்பளத்துக்கு அடியில் பஞ்சு, பஞ்சுக்கு அடியில் தார் ஷீட். வெளிச்சத்தம் உள்ளே வராமல் இருக்க அவ்வளவு ஒட்டியிருக்கிறார்கள். சூடுகாட்டிச் சுரண்டினால் செருப்பு அடியில் ஒட்டிய மிட்டாய் மாதிரி இழுத்துக்கொண்டு வருகிறது. ஒரு கதவை மூடிக்கொண்டு உள்ளேயே நாள் முழுக்க இருக்கலாம், யாரும் என்னிடம் பேச மாட்டார்கள். எனக்குப் பிடித்திருக்கிறது.

ஏர்பேக்குகளையெல்லாம் எப்படிக் கழற்றுவது, கழற்றினால் வண்டி ஸ்டார்ட் ஆகுமா என்று அப்பாவுக்குச் சந்தேகம். "தெரிஞ்சவங்க யார்கிட்டயாவது கேளேன்" என்றார். எனக்கு வேறு யாரைத் தெரியும்? அதனால் உன்னைக் கேட்கிறேன்.

இப்படிக்கு,
உன் பூச்சி


பிப்ரவரி 21

வாயில்லாப் பூச்சிக்கு அண்ணன் எழுதுவது.

இருமல் நிஜமாகவே போய்விட்டது. சந்தேகப்பட்டால் காற்றில் காதை வைத்துக் கேள். நேரில் நான்கு வார்த்தை பேசாதவள் நான்கு பக்கம் எழுதியிருக்கிறாய். ஊமை ஊரைக் கெடுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்? நீயும் அப்பாவும் சௌக்கியமாக இருப்பதைப் படித்ததும் மனசு லேசானது. அவரை முட்டி போட்டு வேலை செய்ய விடாதே, பலகை மேல் படுத்துக்கொள்ளச் சொல்.

பந்தய வண்டியா! அதுவும் நம் அப்பாவா! நான் கேட்டபோதெல்லாம், "பந்தயத்துக்குப் போற வண்டி முழுசாத் திரும்பாது, போய் அந்த ஆயிலை மாத்து" என்று விரட்டிய மனுஷன் அவர். உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன்.

ஏர்பேக் விஷயம்: முதலில் பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வரச் சொல். உள்ளே தங்கியிருக்கிற மின்சாரம் இறங்க வேண்டும். மஞ்சள் நிற வயர்கள்தான் ஏர்பேக்குக்குப் போவது. ஸ்டீயரிங்குக்கு நேராக முகத்தைக் கொண்டுபோகாதே. கழற்றினாலும் வண்டி ஸ்டார்ட் ஆகும், எதிரே ஒரு சிவப்பு விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருக்கும். எரியட்டும்.

எந்த வண்டி, என்ன நிறம் என்று எழுதவே இல்லையே?

இங்கே வாரத்துக்கு ஒரு நாள் ஒரு அம்மா வருகிறார். எங்களை வட்டமாக உட்கார வைத்து, நடந்ததை நடந்தபடி சொல்லச் சொல்வார். நானும் சொல்கிறேன். வண்டியை ஓட்டியது நான். பின்னால் இடது பக்கம் நம் அம்மா. அந்த மாதிரிச் சொகுசு வண்டிக்குள் சத்தமே கேட்காது, அதனால் வேகமும் தெரியாது. தெரியவில்லை என்பது காரணம் ஆகாது. சந்திப்பில் லாரி இடது பக்கமாக வந்து இடித்தது. அம்மா போய்விட்டாள். எனக்கு ஒரு கீறல். சொல்லச் சொல்லப் பழகிவிடும் என்கிறார் அந்த அம்மா. எனக்குப் பழகவில்லை.

செப்டம்பரில் என்னை வெளியே விடுவார்கள். நான் வீட்டுக்கு வரலாமா என்று அப்பா ஏதாவது சொன்னாரா? இந்த இரண்டு வருஷத்தில் அவர் ஒரு தடவைகூட வந்து பார்க்கவில்லை, ஒரு வரி எழுதவில்லை. குறையாகச் சொல்லவில்லை. வேண்டாம் என்றாலும் சரிதான், தெரிந்தால் போதும்.

அம்மா படத்துக்கு முன்னால் என் பங்குக்கும் ஒரு நிமிஷம் நில்.

அன்புடன்,
அண்ணன்


மார்ச் 11

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதம் நல்ல சமயத்தில் வந்தது. உடம்பு தேறியதில் சந்தோஷம். நாங்கள் இருவரும் சுகம். நீ சொன்ன மாதிரியே டீ குடித்துவிட்டு வந்து ஏர்பேக்குகளைக் கழற்றினோம். ஒன்றும் வெடிக்கவில்லை.

ஒரு சொகுசு வண்டிக்குள் எவ்வளவு இருக்கிறது தெரியுமா? முதுகைப் பிடித்துவிடுகிற மோட்டார் சீட்டுக்குள்ளேயே இருக்கிறது. பின்னால் உட்காருகிறவருக்குத் தனி ஏசி, தனித் திரை, கால் வைக்க மெத்தை. வயர்களை இழுத்து வெளியே போட்டால் ஒரு ஆள் கட்டிப் பிடிக்க முடியாத அளவுக்குக் குவிந்துவிட்டது. கழற்றியதையெல்லாம் அப்பா சுவர் ஓரமாக அடுக்கினார். "இத்தனை சொகுசு மனுஷனுக்கு எதுக்கு?" என்று ஒரு தடவை சொன்னார். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை.

டாக்டரோடு மாற்றி மாற்றி ஓட்ட இன்னொருவர் வந்திருக்கிறார். ஆம்புலன்ஸ் ஓட்டுகிற அக்கா. அவர் வந்தால் பட்டறையில் கம்ப்ரஸர் சத்தமே கேட்காது, அவர் குரல்தான் கேட்கும். என்னைப் பார்த்து, "ஏன் தங்கச்சி, உனக்கு நாக்கு இருக்கா இல்லையா? டாக்டர் சும்மாதான் நிக்கிறாரு, காட்டிடலாமா?" என்றார். நான் வண்டிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

ஒரு சந்தேகம். பின் சீட்டைக் கழற்றியதிலிருந்து சாவி போட்டாலே டிங் டிங் என்று மணி அடிக்கிறது. பின்னால் யாரோ பெல்ட் போடாமல் உட்கார்ந்திருப்பதாக வண்டி நினைத்துக்கொள்கிறது. முதல் தடவை அடித்தபோது அப்பா சாவியைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். அன்றைக்கு அதற்கு மேல் வேலை நடக்கவில்லை. மறுநாள், "அந்த மணியை எப்படி நிறுத்துறதுன்னு தெரிஞ்சவங்ககிட்ட கேளு" என்றார்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் பூச்சி


மார்ச் 30

பூச்சிக்கு,

நான் நலம். சாப்பாட்டைப் பற்றிப் பேசாதே, நலமாகவே இருப்போம். உனக்கும் அப்பாவுக்கும் ஒரு குறையும் இல்லையே?

உன் கடிதம் இப்போது எனக்கு மட்டும் வருவதில்லை. அறையில் இருக்கிற அத்தனை பேருக்கும் படித்துக் காட்டுகிறேன். சுற்றி உட்கார்ந்துகொண்டு, "அப்புறம் அந்த ஆம்புலன்ஸ் அக்கா என்ன சொல்லுச்சு?" என்கிறார்கள். எங்களோடு ஒரு தச்சர் இருக்கிறார். நல்ல மனுஷர், கோபம் வந்த ஒரு நிமிஷத்தால் இங்கே வந்தவர். அவர், "உன் தங்கச்சிக்கு வேலை செய்யிற கை இருக்கு, எழுத்துலயே தெரியுது" என்றார். வண்டியின் நிறம் என்ன என்று அறைக்குள் பெரிய போட்டியே நடக்கிறது. தச்சர் வெள்ளை என்கிறார், இன்னொருவர் வெள்ளி நிறம் என்கிறார். நான் நீலம் என்று சொல்லியிருக்கிறேன். மானத்தைக் காப்பாற்று.

மணி விஷயம்: சீட்டுக்கு அடியில், ஆள் உட்கார்ந்தால் எடையைச் சொல்கிற மெத்தை ஒன்று இருக்கும். சீட்டு போனதும் அதன் வயர் அறுந்த மாதிரி ஆகிவிடும், வண்டி பயந்துபோய் அடித்துக்கொண்டே இருக்கும். அந்த இரண்டு வயர் முனைகளுக்கும் நடுவில் ஒரு சின்ன ரெசிஸ்டரைப் பற்றவைத்து இணைத்துவிடு. அளவைப் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். அங்கே யாரும் இல்லை என்று வண்டியை நம்பவைத்துவிட்டால் போதும், அடங்கிவிடும்.

அடுத்தது கூண்டு. வண்டி உருண்டாலும் ஓட்டுகிறவருக்கு ஒன்றும் ஆகாமல் காக்கிறது அதுதான். ஓட்டுநர் முதுகுக்குப் பின்னால் பெரிய வளைவு, அதிலிருந்து முன்னால் இரண்டு கால், பின்னால் இரண்டு கால், ஓட்டுநர் பக்கக் கதவுக்குக் குறுக்கே கம்பி. படம் போட்டு அனுப்புகிறேன். இதற்கு மேல் ஒரு கம்பிகூட வேண்டாம். எட்டு மணி நேரமும் எடைதான் எதிரி. எடை பிரேக்கைத் தின்னும், டயரைத் தின்னும், பெட்ரோலைக் குடிக்கும்.

அப்பா தெரிந்தவர்களிடம் கேட்கச் சொல்கிறாரே, அந்தத் தெரிந்தவர் நான்தான் என்று அவருக்குத் தெரியுமா? தெரிந்துதான் கேட்கிறார் என்று நினைத்துக்கொள்ள ஆசையாக இருக்கிறது. நான் கேட்டிருந்ததைப் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லை. மெதுவாகவே எழுது.

அண்ணன்


மே 2

அன்புள்ள அண்ணனுக்கு,

தாமதத்துக்குக் கோபித்துக்கொள்ளாதே. உடம்புக்கு ஒன்றும் இல்லை, வேலைதான். அப்பாவும் நலம். வெயிலில் நீ எப்படி இருக்கிறாய்?

மணி நின்றுவிட்டது. ரெசிஸ்டரை நானே பற்றவைத்தேன். கண்ணாடிக்குப் பதில் பிளாஸ்டிக் ஷீட் மாட்டியாகிவிட்டது. இப்போது வண்டிக்குள் உட்கார்ந்தால் கல் தெறிப்பது, பிரேக் உரசுவது, பக்கத்துக் கடைக்காரர் தும்முவது எல்லாமே கேட்கிறது. ஆம்புலன்ஸ் அக்கா பட்டறையைச் சுற்றி ஓட்டிப் பார்த்துவிட்டு, "இதுதாண்டி வண்டி. என்ன வேகத்துல போறோம்னு காதே சொல்லுது" என்றார்.

கூண்டு வேலை நடக்கிறது. குழாய்களின் முனையை மீன் வாய் மாதிரி அரம் போட்டுக் கொடுப்பது என் வேலை. இடைவெளி இல்லாமல் உட்கார்ந்தால்தான் அப்பா வெல்டு வைப்பார், நகம் நுழைந்தால் திருப்பித் தந்துவிடுவார். நீ போட்ட படத்தைச் சுவரில் ஒட்டிவைத்திருக்கிறார். அதன்படிதான் எல்லாம் செய்தார்.

படத்தில் இல்லாத இடத்திலும் செய்கிறார். பின் இடது கதவுக்குக் குறுக்கே இரண்டு கம்பி, அதற்கு மேல் இன்னொரு வளைவு, தரையில் கனமான தகடு. ஓட்டுகிறவர் பக்கத்தில்கூட இவ்வளவு இல்லை. டாக்டர் பார்த்துவிட்டு, "ஏங்க, அங்க யாரு உட்காரப் போறா? என் கம்பவுண்டரா?" என்று கேட்டார். அப்பா முகமூடியைத் தூக்காமலே, "இருக்கட்டும்" என்றார். "எடை ஏறுதேப்பா!" "இருக்கட்டும்."

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, உனக்குத் தெரிந்தவருக்கு எழுதிக் கேள், அவர் சொன்னால் உன் அப்பா கேட்பார் என்றார். அதனால் எழுதுகிறேன்.

உன் பூச்சி


மே 14

பூச்சிக்கு,

இங்கே எல்லோரும் வெயிலில் அப்பளம் மாதிரி இருக்கிறோம், மற்றபடி சுகம். நீங்களும் தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

பதிலை உடனே எழுதுகிறேன், ஏனென்றால் இது அவசரம். பின் இடது பக்கம் போட்டதையெல்லாம் வெட்டி எடுக்கச் சொல். தகடு, வளைவு, எல்லாம். நீ எழுதியிருக்கிற அளவுக்கு ஒரு ஆள் எடை வரும். ஆளே இல்லாத இடத்துக்கு எதற்குக் கம்பி? பேய்க்கா? வண்டி ஒரு பக்கமாகச் சாயும், வளைவில் பின்னால் இழுக்கும். இவ்வளவு கஷ்டப்பட்டுச் சொகுசையெல்லாம் உரித்துவிட்டு இரும்பைச் சுமக்க வைப்பதா?

அப்பாவிடம் இதை அப்படியே படித்துக் காட்டு. மரியாதை இல்லாமல் எழுதிவிட்டேன் என்று நினைக்க மாட்டார், வேலை விஷயத்தில் நாங்கள் எப்போதுமே இப்படித்தான் கத்திக்கொள்வோம். எனக்கு அந்தக் கத்தல் வேண்டியிருக்கிறது, பூச்சி. அவர் திருப்பிக் கத்தினால் அதையும் எழுது.

நிறத்தை இன்னும் சொல்லவில்லை நீ. அறையில் என்னைக் கிண்டல் செய்கிறார்கள்.

அண்ணன்


ஜூன் 9

அன்புள்ள அண்ணனுக்கு,

நீ நன்றாக இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தை அறையில் யாருக்கும் படித்துக் காட்டாதே. தனியாகப் படி.

உன் கடிதம் வந்தபோது அப்பா வண்டிக்கு அடியில் பலகை மேல் படுத்திருந்தார். நான் வாசலில் நின்று பிரித்தேன். "என்ன எழுதியிருக்கான்?" என்று அடியிலிருந்து குரல் வந்தது. இத்தனை நாளில் அவர் அப்படிக் கேட்டதே இல்லை. தெரிஞ்சவங்க என்ன சொன்னாங்க என்றுதான் கேட்பார். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. நீ படித்துக் காட்டச் சொல்லியிருந்தாய், அவரும் கேட்டுவிட்டார். படித்தேன். பேய்க்கா என்கிற இடம் வந்தபோதுதான் என்ன படிக்கிறேன் என்று எனக்கே உறைத்தது. அதற்குள் வாய் சொல்லிவிட்டது.

அடியில் ஸ்பேனர் சத்தம் நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்தார். குழாயடியில் ரொம்ப நேரம் கை கழுவினார். "சரியாத்தான் சொல்றான். எடைதான்" என்றார். வெட்டுகிற மெஷினை எடுத்துக்கொண்டு பின் கதவுக்குப் போனார். மெஷினைப் போட்டார். அது சுற்றிக்கொண்டே இருந்தது, அவர் கம்பி மேல் வைக்கவில்லை. நிறுத்தினார். "அன்னைக்கு இந்தக் கம்பி இருந்திருந்தா" என்றார். மெஷினை எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்தார்.

நிறம் கேட்டாய். கறுப்பு. அந்த வண்டிதான் அண்ணா.

அது வேலைக்கு வந்ததாக எழுதினேன். அது எங்கிருந்தும் வரவில்லை. கோர்ட்டிலிருந்து விடுவித்தபோது, நம் பட்டறைக்கு சர்வீசுக்கு விட்டிருந்த அதன் சொந்தக்காரர், "என் கண்ணுல காட்டாதீங்க, என்ன வேணும்னாலும் பண்ணிக்குங்க" என்று சொல்லிவிட்டாராம். அப்பா இழுத்து வந்து பின் கொட்டகையில் தார்ப்பாய் போட்டு மூடிவைத்தார். அம்மாவுக்கு அப்புறம் நான் பள்ளிக்கூடத்தை விட்டுப் பட்டறைக்கு வந்தேனே, அப்போதிலிருந்து அந்தக் கொட்டகைப் பக்கம் நாங்கள் இருவருமே போனதில்லை. டாக்டர் பெரிய வண்டி வேண்டும் என்று கேட்ட மறுநாள் காலையில்தான் ரேடியோ போடாமல் அதைத் திறந்தார். இடித்த பக்கத்தை வெட்டி எடுத்துவிட்டு, பழைய இரும்புக் கடையிலிருந்து வேறொரு வண்டியின் பக்கத்தை வாங்கிப் பொருத்தினோம். அதனால் பின் இடது கதவு மட்டும் வெள்ளை.

பின் சீட்டைக் கழற்றியது நான். அப்பா வெளியே நின்றார். அதில் ஒன்றும் இல்லை, எல்லாவற்றையும் முன்பே துடைத்திருந்தார்கள். அம்மாவுடைய ஒரு ஹேர்பின்கூட இல்லை. விரல் நுழைகிற இடமெல்லாம் விட்டுத் தேடினேன்.

உனக்குத் தெரியாமல் இருந்தால் நீ சந்தோஷமாகப் படம் போட்டு அனுப்புவாய் என்று நினைத்தேன். கோபம் வந்தால் திட்டி எழுது.

பூச்சி


ஜூலை 16

அன்புள்ள அண்ணனுக்கு,

உனக்கு உடம்பு சரியில்லையா? வேறு யாரிடமாவது சொல்லியாவது ஒரு வரி எழுதச் சொல். தச்சர் எழுதினாலும் போதும்.

நாங்கள் இருக்கிறோம். வண்டியை ஓட்டிப் பார்த்தார்கள், இன்ஜின் சூடாகிறது, பெரிய ரேடியேட்டர் மாட்டுகிறோம். கம்பியை அப்பா வெட்டவில்லை. டாக்டர் கோபித்துக்கொண்டு இரண்டு வாரம் வரவில்லை, அப்புறம் அவரே வந்துவிட்டார். பந்தயம் செப்டம்பர் முதல் ஞாயிறு.

தபால்காரர் வருகிற நேரத்தில் அப்பா இப்போதெல்லாம் வாசலுக்கு வந்து எதையாவது துடைத்துக்கொண்டு நிற்கிறார்.

பூச்சி


ஆகஸ்ட் 20

பூச்சிக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது. நீங்கள் இருவரும் நலமாக இருங்கள்.

இரண்டு கடிதமும் கிடைத்தன. எழுத உட்காருவேன், எழுந்துவிடுவேன். உன் மேல் கோபம் இல்லை. வண்டி என்ன ஆச்சு என்று அறையில் கேட்டார்கள். வேலை நின்றுவிட்டது என்று சொல்லிவிட்டேன்.

கம்பியை வெட்ட வேண்டாம். நான் எழுதியதை அவர் மறந்துவிட வேண்டும். அவரால் முடியாது, இருந்தாலும் சொல்.

பிப்ரவரியிலிருந்து நான் ஒன்று கேட்டுக்கொண்டிருந்தேன். நீ பதில் எழுதவில்லை. எழுதும்படி அவர் எதுவும் சொல்லியிருக்க மாட்டார். இப்போது எனக்குப் புரிகிறது, அவர் சொல்லாமல் இல்லை, கம்பியால் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் என்ன செய்தேன் என்பதை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டு வெல்டு வைக்கிறவர் முன்னால் நான் எந்த முகத்தோடு வந்து நிற்பது? உள்ளே வரட்டுமா என்று எப்படிக் கேட்பது? கேட்டது தப்பு.

தச்சர் போன மாதம் வெளியே போனார். அவர் ஊரில் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு தெரு முழுக்க மரச்சாமான் செய்கிற கடைகளாம், ஆள் தேவைப்படுமாம். அங்கே போகப் பார்க்கிறேன். மரவேலை தெரியாதுதான், தேய்க்கிற வேலையாவது செய்யலாம். எந்தக் கடை, எந்த நாள் வெளியே வருகிறேன் என்பதையெல்லாம் எழுத மாட்டேன். வாசலில் வந்து நிற்காதே. இனி இந்த விலாசத்துக்கு எழுதவும் வேண்டாம்.

பந்தயத்தன்று ரேடியேட்டர் மூடியை ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். வண்டி எட்டு மணி நேரமும் ஓடட்டும்.

நீ நிறையப் பேச வேண்டும், பூச்சி. யாரிடமாவது.

அண்ணன்


செப்டம்பர் 9

அன்புள்ள அண்ணனுக்கு,

நலமா என்று இந்தத் தடவை கடிதத்தில் கேட்கப்போவதில்லை. நேரில் கேட்கலாம் என்று இருக்கிறேன். பேருந்தில் உட்கார்ந்து எழுதுகிறேன், எழுத்து ஆடும். இது தபாலில் வராது, கையில்தான் கொடுப்பேன்.

பந்தயம் நடந்தது. காலையில் வண்டியைப் பரிசோதிக்கிற அதிகாரி பின் இடது கம்பியைத் தட்டிப் பார்த்து, "இது எதுக்கு?" என்றார். அப்பா வேறு பக்கம் பார்த்தார். ஆம்புலன்ஸ் அக்கா, "சட்டத்துல கூடாதுன்னு இருக்கா சார்?" என்றார். "கூடாதுன்னு இல்லம்மா, வீண் சுமை." "எங்க சுமைதானே சார், நாங்க தூக்கிட்டுப் போறோம்" என்றார் அக்கா. அதிகாரி ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் போனார். வண்டி எட்டு மணி நேரமும் ஓடியது. நீ சொன்ன மாதிரியே அந்த எடை பிரேக்கைத் தின்றது, இரண்டு தடவை மாற்றினோம். எங்களுக்குப் பின்னால் மூன்று வண்டிகள்தான் வந்தன. டாக்டர் சிரித்துக்கொண்டே இறங்கினார். அப்பா பின் கதவில் கை வைத்துப் பார்த்தார். சூடாக இருந்தது போல, எடுத்துவிட்டார்.

திரும்பும்போது வண்டியை லாரியில் ஏற்றிவிட்டு முன்னால் நானும் அப்பாவும் உட்கார்ந்திருந்தோம். நான் கேட்டேன். அதுவரை கேட்டதே இல்லை, வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று பயம்.

"அப்பா, அண்ணன் வீட்டுக்கு வரலாமா?"

அவர் லாரியை ஓரமாக நிறுத்தினார்.

"வரலாமான்னு கேட்டானா? எப்போ?"

"பிப்ரவரியில. அப்புறமும் கேட்டான்."

"நீ சொல்லவே இல்லையே."

"நீங்க கேக்கவே இல்லையேப்பா."

"கேட்டேனே!" என்று கத்தினார். "ஒவ்வொரு தடவையும் கேட்டேனே! ஏர்பேக் கழட்ட எனக்குத் தெரியாதா? அந்த மணியை நிறுத்தத் தெரியாதா? உனக்கு முந்தி அவனுக்கு அதையெல்லாம் சொல்லிக் குடுத்ததே நான்தானே! தெரிஞ்சவங்கன்னா வேற யாரு? நான் கேட்டேன், அவன் பதில் எழுதினான். வரப்போறான்னுதானே நான் நெனச்சிட்டிருந்தேன்."

உன் கடைசிக் கடிதத்தை அவரிடம் கொடுத்தேன். படித்தார். கம்பியைப் பற்றி நீ எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டே இருந்தார். அப்புறம் சொன்னார்: "இந்தக் கம்பி அவனைக் குத்திக்காட்ட இல்லம்மா. அன்னைக்கு முதுகு வலின்னு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினா உங்கம்மா. ஆட்டோவுலயே போயிடுறேன்னுதான் சொன்னா. நான்தான், அந்தப் பெரிய வண்டியில போ, குலுங்காது, சொகுசா இருக்கும்னு சொல்லி ஏத்திவிட்டேன். அவன் கையில சாவியைக் குடுத்ததும் நான்தான். கோர்ட்டுல அதை அவன் சொல்லல. நானும் சொல்லல. அந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுத்தான் அவனைப் போய்ப் பார்க்க முடியாம இருந்தேன்."

அப்படியே சொன்னதை எழுதியிருக்கிறேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை.

மறுநாள் விடியற்காலையில் அப்பா முகச்சவரம் செய்துகொண்டு வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு நீ இருந்த இடத்துக்குப் போனார். மதியம் திரும்பி வந்தார். சட்டையைக் கழற்றாமலே பட்டறை ஸ்டூலில் உட்கார்ந்தார். "வியாழக்கிழமையே போயிட்டானாம்" என்றார். வாசலில் இருந்தவர்கள் நல்லவர்களாம், உட்காரச் சொன்னார்களாம், தண்ணீர் கொடுத்தார்களாம். அதையெல்லாம் சொன்னார், தச்சர் எந்த ஊர் என்று அவர்களிடம் கேட்டு வந்ததையும் சொன்னார். சாயங்காலம், "என்னைப் பார்த்தா ஒளிஞ்சுக்குவான். நீ போ" என்றார்.

பேருந்து நின்றுவிட்டது. இறங்கிய பிறகு எழுதுகிறேன்.

நீ எழுதிய தெரு இதுதான். இரண்டு பக்கமும் மரக்கடைகள், தெரு முழுக்க மரத்தூள் பறக்கிறது. முதல் கடையில் ரம்பம் ஓடிக்கொண்டிருந்தது. நான் கேட்டது எனக்கே கேட்கவில்லை, யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. இரண்டாவது கடையில் கொஞ்சம் உரக்கக் கேட்டேன். அப்படி யாரும் இல்லை என்றார்கள். மூன்றாவது கடையில் இருந்த பெரியவருக்குத் தச்சரைத் தெரிந்திருந்தது. நல்லாத் தெரியும்மா, ஆனா உள்ளே போனதுக்கு அப்புறம் அவன் இந்தத் தெருவுக்கே வரலையே என்றார். நிற்கிறாயே, உட்கார் என்று ஸ்டூல் கொடுத்தார். உட்காரவில்லை.

எதிர்ப்பக்கத்தில் இன்னும் கடைகள் இருக்கின்றன. தெருவைக் கடந்து நாலாவது கடைக்குள் போகிறேன்.